கடைசி பெஞ்சுச் சாமி

என் கணவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் அவரை 'பிரேக் சார்' என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. யார் எந்தச் சுவரைப் பார்த்துக் காரை விட்டாலும் அவர் குரல் உயராது. கால் மட்டும் மெதுவாக அந்த பிரேக்கின்மேல் போய் உட்காரும். இந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்குமுன் பதினோரு வருடம் அவர் கத்தோலிக்கக் குருவாக இருந்தார். ஊரார் பாவத்தையெல்லாம் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வந்த பொறுமை அது.

அவரைப் பீடத்திலிருந்து இறக்கிக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். எங்கள் பங்குக் கோயிலில் அப்படித்தான் சொல்வார்கள். நான் என்னவோ ஏணி போட்டு ஏறி, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியதுபோல.

நடந்தது இதுதான். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். படிக்கிற கண்ணாடி வேண்டுமென்று வந்தவரை இருட்டறையில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டேன். எதைக் கேட்டாலும் ரொம்ப நேரம் யோசித்தார். ஒரே வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்ற வந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். மூன்றாவது முறை, கண்ணில் ஒரு மாற்றமும் இல்லையென்று நான் சொன்னபோது, "தெரியும்" என்றார். அவ்வளவுதான் எங்கள் காதல் வசனம். பிறகு அவர் மேலிடத்துக்கு எழுதினார். குருத்துவத்திலிருந்து விடுவிக்கும் கடிதம் வருவதற்கு நாலு வருடம் ஆனது. அதுவரை அவர் என் கையைக்கூடத் தொட்டதில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

கடிதத்தில் நிபந்தனைகள் இருந்தன. கல்யாணம் ஆடம்பரமாக நடக்கக் கூடாது. இனி அவர் பூசை வைக்கக் கூடாது, பிரசங்கம் செய்யக் கூடாது, கூண்டில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது. அதனால் பக்கத்து ஊர்க் கோயிலில் ஒரு காலை ஆறு மணிக்கு இரண்டு சாட்சிகளோடு எங்கள் கல்யாணம் முடிந்தது. புதிதில் இரண்டு முறை வாய் தவறி அவரை 'ஃபாதர்' என்றே கூப்பிட்டிருக்கிறேன். ஒரு முறை கூப்பிட்டது சமையலறையிலிருந்து, இரண்டாவது முறை எங்கிருந்து என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருவோம். பீடத்தில் சாமியார் அப்பத்தைக் கையில் எடுக்கும்போது என் கணவரின் உதடுகள் தானாக அசையும். அசைவது தெரியாமலிருக்கக் கையால் வாயை மூடிக்கொள்வார். பதினான்கு வருடமாக நான் அந்தக் கையைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

குருக்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று எங்கே நாலு பேர் கூடினாலும் பேச்சு வரும். என்னைக் கண்டதும் பேச்சு நிற்கும். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நான் ஒரு கட்சிக்காரி, என் ஓட்டு செல்லாது. அவரைக் கேட்டால் எந்தக் கட்சிக்கும் பிடி கொடுக்க மாட்டார். தனியாக இருந்து அத்தனை பேருக்கும் சொந்தமாக இருப்பது ஒரு வரம், அது நிஜமாகவே சிலருக்குக் கிடைக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை என்பார். அவருக்குப் பூசை வைக்கிற வரம் கிடைத்திருந்தது, தனியாக இருக்கிற வரம் கிடைக்கவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது என்று நான் எகிறுவேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

இதில் என் எதிர்க்கட்சி வேறு யாருமில்லை, என் அம்மா.

அம்மாவை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். முப்பத்திரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவள். சாமியார் உள்ளே வந்தால் வகுப்பு மொத்தமும் எழுந்து நிற்க வேண்டும். எழாதவன் காது அவள் கையில் இருக்கும். அவளும் எழுந்து நிற்பாள், முழங்கால் வலி வந்த பிறகும். என் கணவர் எங்கள் பங்குக்கு வந்தபோது, இப்படி ஒரு சாமியாரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று வீடு வீடாகச் சொன்னவளும் அவள்தான். அந்தச் சாமியாரைத் தன் வயிற்றில் பிறந்தவளே கொண்டுபோனாள் என்றதும் அவளுக்கு உலகம் தலைகீழாகிவிட்டது. கல்யாணத்துக்கு வரவில்லை. எங்கள் வீட்டு வாசலை ஒருநாளும் மிதிக்கவில்லை. அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் பேசுவாள், பேச்சில் அவர் வந்தால் 'அந்த மனுஷன்' என்பாள்.

இரண்டு தெரு தள்ளித்தான் அம்மாவின் வீடு. தினமும் சாயங்காலம் நான் மாடியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவர் கீழேயே, முதல் படியில் உட்கார்ந்து காத்திருப்பார். அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவர் மேலே போய்க் குழாய்க்கு வாஷர் மாற்றுவார், பல்பு மாட்டுவார், கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுவார். அம்மாவுக்குத் தெரியாதா? சொட்டிக்கொண்டிருந்த குழாய் தானாகச் சரியாகிவிட்டது என்று என்னிடம் சொல்லுவாள், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு.

அம்மா கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட வேண்டும். வேறு எதுவும் நான் கடவுளிடம் கேட்டதில்லை. அவளுக்கு எழுபத்திரண்டு நடந்துகொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தபோது நான் கடையில் ஒரு கிழவருக்கு எழுத்து வரிசை காட்டிக்கொண்டிருந்தேன். உடனே கணவருக்குப் போன் போட்டேன். என் கணவர் கற்றுக்கொள்ள வந்தவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பலகையோடு அந்தக் காரையே கொண்டுவந்தார். அம்மா பின் சீட்டில் என் மடியில் கிடந்தாள். அவர் ஓட்டிய காரில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். மூன்று அடைப்பு. உடனே நெஞ்சைத் திறக்க வேண்டும். பிழைப்பது பாதிக்குப் பாதி. முக்கால் மணி நேரத்தில் உள்ளே கொண்டுபோய்விடுவோம், பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் உள்ளே போனதும் அம்மா கேட்டது ஒன்றுதான், சாமியாரைக் கூப்பிடு, பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். நான் பங்கு வீட்டுக்குப் போன் போட்டேன். கோயில் பணியாளர் எடுத்தார். இந்த வாரம் வருடாந்தரத் தியானமாம். மறைமாவட்டத்துக் குருக்கள் எல்லோரும், ஆயர் உட்பட, மலைமேல் இருக்கும் தியான வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாலு மணி நேரப் பயணம். அந்த வாரம் முழுவதும் எங்கள் ஊரில் ஒரு சாமியார்கூடக் கிடையாது.

ஒருவரைத் தவிர.

அவர் வெளியே நடையில், தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில், டிரைவிங் ஸ்கூல் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

இது எனக்குச் சட்டென்று உதித்ததற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்குமுன் அவர் கார் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த சாலையில், கண் முன்னால், பைக்கில் வந்த ஒருவர் லாரியில் அடிபட்டார். சட்டைக்குள் சிலுவை தொங்குவதைப் பார்த்து இவர் இறங்கி ஓடினார். அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்: எல்லா அதிகாரத்தையும் வாங்கிக்கொண்டாலும் திருச்சபை ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. சாகக் கிடக்கிறவரின் பாவசங்கீர்த்தனத்தை எந்தக் குருவும் கேட்கலாம், விலகிப் போனவரும் கல்யாணம் ஆனவரும்கூட. உயிர் போகிற நேரத்தில் அவர் இன்னும் சாமிதான்.

நான் அம்மாவின் காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் அவள் மூச்சு கோபமாக வந்ததா வலியாக வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்னா விட்டுடும்மா" என்றேன். "ஆனா ஆபத்து நேரத்துல எந்தக் குருவும் கேக்கலாம்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான். நான் தப்பா எழுதினேன்னு பத்துத் தடவ எழுத வச்ச."

கடிகாரத்தில் நாலு நிமிடம்தான் போயிருக்கும். பிறகு, வரச் சொல் என்று கையால் காட்டினாள்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலருகே நின்றார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பதினான்கு வருடம் கழித்து அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை, கழுத்தில் ஒன்றும் போடாமல் பாவசங்கீர்த்தனம் கேட்பார்களா என்பதுதான். சாமியார்கள் தோளில் போடும் அந்தப் பட்டைத் துண்டுக்கு அப்போது எங்கே போவது? அவசரத்துக்கு அது தேவையில்லை என்றும் அவளே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். நான் என் துப்பட்டாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மஞ்சளில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அவர் அதை முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார், பதினோரு வருடம் தினமும் செய்ததுபோல. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. பார்க்கக் கூடாதுதான், பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக் காதை அம்மாவின் வாயருகே வைத்திருந்தார். அம்மா மாஸ்க்கை விலக்கிவிட்டுப் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் அவர் தோள் லேசாக ஆடியது. பிறகு அவர் ஏதோ சொன்னார், அம்மா மறுப்பதுபோல் தலையை ஆட்டினாள், அவர் மறுபடியும் அதையே சொன்னார். கடைசியில் அவர் கை உயர்ந்து அவள்மேல் சிலுவை போட்டது. ஊசி குத்தியிருந்த கையால் அம்மா என் துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ்கள் வந்து தள்ளிக்கொண்டு போகும்போதுதான் விட்டாள்.

ஆறு மணி நேரம். அம்மா பிழைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள், தியானம் முடிந்து, எங்கள் பங்கின் புது ஃபாதர் பூசையில் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, கொண்டுவந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அம்மா நன்மை வாங்குவதற்குமுன் விசாரணையை ஆரம்பித்தாள். நான் செத்துப் போவேன் என்று நினைத்துச் செய்த பாவசங்கீர்த்தனம், இப்போது சாகவில்லை, அது செல்லுமா செல்லாதா? முழுதாகச் செல்லும், திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்றார் அவர்.

"அப்ப எனக்கு ஒண்ணு புரியல, ஃபாதர். நான் சாகும்போது அவரு சாமியா இருக்கலாம். நான் உயிரோட இருக்கும்போது ஏன் இருக்கக் கூடாது?"

புது ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் ஆரஞ்சுப் பழத்தை மும்முரமாக உரித்தேன். அதெல்லாம் மேலிடத்தில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றார். மேலிடம் வரைக்கும் முக்கால்வாசித் தூரம் போய்விட்டுத்தான் வந்திருக்கிறேன், அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள் அம்மா. அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு அடங்கி, தனக்கும் பதில் தெரியவில்லை டீச்சர் என்று மெதுவாகச் சொன்னார். தனியாகச் சாப்பிடும் சில ராத்திரிகளில் தானும் அதைக் கேட்டதுண்டாம். அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும், அம்மா வீடு திரும்பியதும் அவரை மேலே கூப்பிடுவாள் என்று மனக்கோட்டை கட்டினேன்.

நடந்தது நேர்மாறு. வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அவர் இருக்கும் திசைக்கே முகத்தைக் காட்டவில்லை. முன்பு கோபத்தில் ஒதுங்கினாள். இப்போது வெட்கம். செத்துவிடுவோம் என்ற தைரியத்தில் அவள் உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். கேட்டவரோ கீழே முதல் படியில் உட்கார்ந்திருக்கிறார். என்ன கொட்டினாள்? எனக்குத் தலை வெடித்தது. அவரைப் பற்றிச் சொன்னாளா, என்னைப் பற்றியா? எங்களை மன்னித்தாளா? நானும் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒரே தலையணையில் பாதி எனக்குக் கொடுப்பவர் அதில் ஒரு சொல் கொடுக்கவில்லை. "கேட்டதோட போயிருச்சு. என்கிட்ட இல்ல" என்றார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபமும் மரியாதையும் ஒரே அளவு.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கதவு தட்டப்பட்டது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அம்மா வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்றாள். சாப்பிட வந்திருக்கிறேன் என்றாள். நான் பதறிப் போய் இரண்டு முட்டையைக் கீழே போட்டு உடைத்தேன். அவள் மேசையில் உட்கார்ந்தாள். அவர் பரிமாறினார். போட்டதையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள், அவரை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, வாசலில் நின்று, ஜெபம் முடித்ததுபோல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அந்தச் சிலுவையில்தான் எனக்கு விளங்கியது. பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் சாமியார் ஒரு அபராதம் கொடுப்பார், பாவத்துக்குப் பரிகாரமாக. பெரும்பாலும் மூன்று ஜெபம் சொல்லச் சொல்வார். அன்று கண்ணாடிச் சதுரத்தில் அம்மா மறுத்துத் தலையாட்டியதும் இவர் திருப்பிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. பிழைத்தால் மகள் வீட்டில் ஒரு வேளை சாப்பிடு என்று இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். மருந்தை விழுங்குவதுபோல் விழுங்கிவிட்டுப் போகிறாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுச் சோறு உங்களுக்குத் தண்டனையா, இப்படி ஆணையிட்டுத்தான் என் அம்மாவை வரவழைக்க வேண்டுமா, அவள் தானாக வராத வீட்டுக்கு இந்தப் பிச்சை எனக்கு எதற்கு என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டுகளைக் கழுவிக் கழுவி அடுக்கினார். ஒரு தட்டை மூன்று தடவை கழுவினார். அந்த வாரம் முழுவதும் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அம்மா வீட்டுக்குப் போனாலும் மாத்திரை கொடுத்தேன், வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் டிரைவிங் வகுப்பு முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. நேற்றைய குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது.

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். எனக்கு இருந்த கோபத்தில் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"இன்னும் எத்தன வாரத்துக்கும்மா இந்த அபராதம்?"

அவள் என்னைப் பார்த்தாள். வகுப்பில் தப்பாக விடை சொன்ன பிள்ளையைப் பார்க்கிற அதே பார்வை.

"ஒரு தடவைன்னுதான் சொன்னாரு. அது போன வாரமே முடிஞ்சுது. இது நானா வந்தது" என்றாள். பிறகு என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "மாப்பிள்ளை எங்க?"

நான் அழுதேன். வாசலிலேயே, கையில் கரண்டியோடு, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். தையல் போட்ட இடம், மெதுவாக அழு என்றாள். அவளும் அழுதாள்.

உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தாள். சாப்பாடு போடட்டுமா என்று கேட்டேன், அவர் வரட்டும் என்றாள். ஆறிப் போனாலும் பரவாயில்லையாம். கொஞ்ச நேரத்தில் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் கிடந்த அம்மாவின் செருப்பைப் பார்த்திருப்பார், சத்தம் நின்றுவிட்டது. பிறகு மெதுவாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அம்மா மேசையைப் பிடித்து, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்றாள்.

அவர் ஓடி வந்தார். "உக்காருங்க டீச்சர், எழுந்திருக்கக் கூடாது."

"எழுந்தது சாமிக்கு" என்றாள் அம்மா. நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து நாற்காலியை அவருக்காகத் தள்ளினாள். "மாப்பிள்ளைக்கு உக்காந்துக்கிறேன். வாங்க, சாப்பிடலாம்."